மண் சுவரிலிருந்து அலுமினிய அச்சு வரை: நாங்கள் கடைசி வீட்டைத் தேர்ந்தெடுத்த கதை



"டீச்சர், கடைசியில எந்த வீடு எடுத்தீங்க?" என்று மூன்று மாதமாக ஃபோனில் கேட்காதவர் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கும் தொண்டை வற்றிவிட்டது. அதனால் இங்கே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். பதிவு நீளம்தான். முப்பத்தைந்து வருடம் சமூக அறிவியல் நடத்தியவள் நான். ஒரு விஷயத்தை அதன் பழைய கதையிலிருந்து ஆரம்பிக்காமல் எனக்குச் சொல்ல வராது. வகுப்பில் பொறுத்துக்கொண்டது போல இப்போதும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் என் கணவருக்கு வலது பக்கம் பக்கவாதம் வந்தது பலருக்குத் தெரியும். ஆண்டவன் புண்ணியத்தில் தேறிவிட்டார். கைத்தடி ஊன்றி நடக்கிறார். பிள்ளைகள் இருவரும் வெளியூரில். அதனால் கோவைக்கு மேற்கே, ஓய்வு பெற்றவர்களுக்கென்றே கட்டும் ஒரு ரிட்டயர்மென்ட் கம்யூனிட்டியில் வீடு வாங்கலாம் என்று முடிவு செய்தோம். டாக்டர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "அம்மா, இன்னிக்கு கைத்தடி. நாளைக்கு வீல்சேர் வந்தாலும் வரலாம். அதையும் மனசுல வெச்சுட்டு வீடு பாருங்க."

அங்கே போனால் மூன்று விதமான வீடு. முதலாவது, கான்கிரீட் தூணும் உத்திரமும் போட்டு நடுவில் செங்கல் வைத்துக் கட்டிய தரைத்தள வீடு. இரண்டாவது, ஐந்து மாடி அடுக்ககம். அதில் சுவர், கூரை எல்லாமே அலுமினிய அச்சில் ஊற்றிய கான்கிரீட். மூன்றாவது, தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கிரேன் வைத்துப் பொருத்திய சிறு வீடுகள். மூன்றுக்கும் மூன்று விலை. "எல்லாமே ஸ்ட்ராங்குதாங்க" என்றார் அலுவலகத் தம்பி. உண்மையாகவே எல்லாம் உறுதிதான். ஆனால் எனக்கு வேறு ஒரு கேள்வி இருந்தது. அது எங்கள் அம்மா வீட்டிலிருந்து வந்த கேள்வி.

மண் வீடு

பொள்ளாச்சிப் பக்கம் நான் பிறந்த வீடு மண் வீடு. செம்மண்ணைத் தண்ணீர் விட்டு மிதித்துப் புளிக்க வைத்து, ஒன்றரை அடி கனத்தில் சுவர் வைப்பார்கள். ஒரு படை காய்ந்த பிறகுதான் அடுத்த படை. அவசரப்பட்டால் சுவர் சரிந்துவிடும். வெயில் காலத்தில் அந்த வீட்டுக்குள் இருந்த குளிர்ச்சியை இன்றைய ஏசி தராது. மழை பெய்தால் மட்டும் பயம். நனைந்த மண் சுவர் இடிந்து ஆட்கள் இறந்த சேதி ஐப்பசி, கார்த்திகையில் இன்றும் பேப்பரில் வருகிறதே. பழைய வீடெல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை.

கூரைக்கு முதலில் நாட்டு ஓடு. பிறகு சீமை ஓடு. மங்களூரில் 1865-ல் பாசல் மிஷன் என்ற ஜெர்மன், சுவிஸ் கிறிஸ்தவ அமைப்பினர் இயந்திர ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். அதற்கு மூன்று வருடம் முன்பே, 1862-ல், சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைப் பேப்பூர் வரை ரயில் பாதை முடிந்திருந்தது. ஒன்றோடொன்று கொக்கி போல மாட்டிக்கொள்ளும் ஓடு, ஒன்று உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். குரங்கு தாவி உடைத்த ஓட்டை அப்பா ஏணி வைத்து ஏறி மாற்றியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

1997-ல் அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. நடை போய்விட்டது. சக்கரம் வைத்த நாற்காலி வாங்கினோம். குளியலறை வாசல் இரண்டே அடி. குறுக்கே உயர்ந்த படி வேறு. தினமும் அண்ணன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பெற்ற மகனே ஆனாலும் அம்மா கூசிப்போய் பாதி நாள் குளிக்கவே மாட்டேன் என்பார். ஊர்க் கொத்தனாரிடம் அண்ணன் சொன்னார். அவர் காலையில் வந்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், மேலே பனஞ்சட்டம் கொடுத்துத் தாங்கவிட்டு வாசலை ஒன்றரை அடி அகலமாக்கினார். படியை இடித்துச் சரிவாக்கினார். மறுநாள் பூச்சும் முடிந்தது. அதன் பிறகு பதினான்கு மாதம் அம்மா இருந்தார். கடைசி வாரம் வரை நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குளித்தார்.

அந்தக் கதவு சாத்தும் சத்தம்தான் இந்தப் பதிவுக்கே காரணம்.

சுண்ணாம்பும் மரமும்

ஊரில் கொஞ்சம் வசதியானவர்கள் மச்சு வீடு கட்டினார்கள். சென்னையிலும் மற்ற ஊர்களிலும் பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள், 'மெட்ராஸ் டெரஸ்' என்பார்கள். சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரம், அதன் மேல் நெருக்கமாகச் சட்டங்கள். சட்டங்களின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தில் கோணலாக வரிசை பிடிப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் சேர்ப்பார்கள். கடைசியாக மேலே தட்டோடு.

அதன் எதிரி ஈரமும் கரையானும். ஆனால் ஒரு சட்டம் உளுத்தால் அந்தச் சட்டத்துக்கு முட்டுக் கொடுத்து அதை மட்டும் மாற்ற முடியும். சுண்ணாம்பு மெதுவாக இறுகும், சின்ன அசைவுகளைச் சற்றுத் தாங்கிக்கொள்ளும். அந்த வீடுகளின் ஆயுள் நூறு வருடம் என்றால், அந்த நூறு வருடமும் யாராவது அதைப் பழுது பார்த்துக்கொண்டே இருந்தார்கள் என்று பொருள்.

சிமெண்ட் வந்தது

இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் 1824-ல் போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். பிரான்சில் ஜோசப் மோனியே என்ற தோட்டக்காரர், பூந்தொட்டி உடையாமலிருக்க சிமெண்டுக்குள் இரும்புக் கம்பி வைத்து 1867-ல் காப்புரிமை வாங்கினார். இன்று நம் தலைக்கு மேலிருக்கும் கூரைக்கு மூதாதை அந்தத் தொட்டிதான். நம் நாட்டில் 1904-ல் சென்னையில் சிமெண்ட் தயாரிக்க முயன்றார்கள், நீடிக்கவில்லை. 1914-ல் குஜராத்தின் போர்பந்தரில்தான் உற்பத்தி நிலைபெற்றது. 1930-களில் நம் மதுக்கரையிலேயே ஆலை வந்துவிட்டது. பாலக்காட்டுக்கு ரயிலில் போகும்போது அந்தப் புகைபோக்கியைக் காட்டி உங்களில் பலருக்கு நானே பாடம் சொல்லியிருக்கிறேன்.

புதுச்சேரி ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். அந்தோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர் 1930-களில் வடிவமைத்தது. இந்தியாவில் கான்கிரீட்டை அழகாகக் கையாண்ட ஆரம்பக் கட்டடங்களில் ஒன்று. வெயிலைத் தடுத்துக் காற்றை விடும் பலகைகள் அதில் சுவர் நீளத்துக்கும் இருக்கும். கான்கிரீட் சூட்டை உள்ளே அனுப்பும் என்று அன்றைக்கே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நண்டும் மனிதனும்

இங்கே ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. நண்டுக்கு ஓடுதான் எலும்பு. அதில் ஓட்டை போட்டால் நண்டுக்கு ஆபத்து. மனிதனுக்கு எலும்பு உள்ளே, சதை அதைச் சுற்றி.

மண் வீடும் மெட்ராஸ் டெரஸும் நண்டு மாதிரி. சுவர்தான் பாரம் தாங்குகிறது. சுவரை வெட்டினால் மேலே முட்டுக் கொடுக்க வேண்டும், கொத்தனார் பனஞ்சட்டம் கொடுத்த மாதிரி. தூணும் உத்திரமும் உள்ள கான்கிரீட் வீடு மனிதன் மாதிரி. எலும்புக்கூடு பாரத்தைத் தாங்குகிறது. நடுவில் இருக்கும் செங்கல் சுவர் வெறும் மறைப்பு. அதை இடித்து நகர்த்தலாம், வாசலை அகலமாக்கலாம்.

எலும்புக்கூடு இருந்தால் மட்டும் போதாது, அதைச் சரியாகவும் கட்ட வேண்டும். கோவையையே 1900-ம் வருடம் பிப்ரவரி 8-ம் தேதி ஒரு நிலநடுக்கம் உலுக்கியது. 2001 ஜனவரி 26-ல் குஜராத்தின் புஜ் பகுதியில் பூமி நடுங்கியபோது, வெகு தொலைவில் இருந்த அகமதாபாத்தில்கூட அடுக்குமாடிகள் சரிந்தன. அவற்றில் பல, கீழே கார் நிறுத்தச் சுவரே இல்லாமல் வெறும் தூண்களில் நின்றவை. தலை கனத்து கால் மெலிந்த கட்டடம் தடுமாறிவிடும்.

நடுவில் வைக்கும் கல்லும் இப்போது மாறிவிட்டது. ஸ்வீடனில் 1920-களில் ஆக்சல் எரிக்சன் என்ற கட்டடக் கலைஞர் ஒரு லேசான கல்லைக் கண்டுபிடித்தார். சுண்ணாம்பு, சிமெண்ட், மணல் அல்லது நிலக்கரிச் சாம்பல் கலந்த குழம்பில் கொஞ்சம் அலுமினியத் தூள் போட்டால் வாயு கிளம்பி, இட்லி மாவு மாதிரி உப்பும். பிறகு அதை அறுத்து, அதிக அழுத்த நீராவியில் வேகவைப்பார்கள். அதுதான் ஏஏசி பிளாக். செங்கல்லின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். சூட்டை நன்றாகத் தடுக்கும். ஆனால் குளியலறையில் பிடித்து எழும் கம்பியைச் சாதாரண ஆணியில் அதில் மாட்டினால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதற்கென்று தனி ஆங்கர் வேண்டும். என் வயதுக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலையில் வீடு

வீட்டைத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நிறுத்துவது புதிது என்று அலுவலகத் தம்பி சொன்னார். இல்லை. நாடு பிரிந்தபோது அகதிகளுக்கு லட்சக்கணக்கில் வீடு தேவைப்பட்டது. அப்போது இந்திய அரசின் வீட்டுவசதி இயக்குநராக இருந்த ஓட்டோ கோனிக்ஸ்பர்கர் என்ற ஜெர்மானியக் கட்டடக் கலைஞரின் திட்டப்படி, 1940-களின் கடைசியில் டெல்லியில் அரசே ஒரு வீட்டுத் தொழிற்சாலை அமைத்தது. சுவர்ப் பலகைகளை வார்த்து அடுக்கினால் வீடு ரெடி என்பது கனவு. பலகைகள் விரிசல் விட்டன, திட்டம் தோற்றது. தொழிற்சாலை பிறகு வேறு கான்கிரீட் பொருட்கள் செய்யப் போய்விட்டது.

லண்டனில் நடந்தது இன்னும் பெரிய பாடம். ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடம், வார்த்த பலகைகளை அடுக்கிக் கட்டியது. குடிவந்து இரண்டே மாதம். 1968 மே 16 அதிகாலை, 18-வது மாடியில் ஒரு பெண்மணி டீ வைக்க அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த கேஸ் வெடித்தது. வெளிச்சுவர்ப் பலகை ஒன்று தெறித்தது. அதை நம்பியிருந்த மேல் மாடிகளின் மூலை விழுந்தது, அந்தப் பாரத்தில் கீழ் மாடிகளின் மூலையும் தரைவரை சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். டீ வைத்த அம்மா பிழைத்துக்கொண்டார். பலகை பலவீனமில்லை. பலகையும் பலகையும் சேரும் இணைப்புதான் பலவீனம். அதன் பிறகுதான், ஒரு இடம் போனால் மொத்தமும் சரியக் கூடாது என்பது கட்டட விதிகளில் ஏறியது. இன்றைய பலகை வீடுகளில் அந்தப் பாடம் உண்டு. ஆனாலும் பலகை வீடு பார்க்கப் போனால் நான் இணைப்பைத்தான் பார்ப்பேன். அங்கிருந்த மாதிரி வீட்டில் இரண்டு பலகை சேரும் இடத்தில் மழைத் தண்ணீர் இறங்கிய கறை இருந்தது. மூன்றாவது வகையை அங்கேயே கழித்துவிட்டோம்.

அலுமினிய அச்சு

மீதி இருந்தது இரண்டு. மாடி அடுக்ககம் என் கணவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நான்காவது மாடி பால்கனியில் நின்றால் மேற்கே மலை தெரியும். லிஃப்ட் உண்டு. இரண்டு படுக்கையறை, பிள்ளைகள் வந்தால் தங்கலாம். விலையும் எங்கள் கைக்குள்.

கட்டும் முறை இதுதான். அலுமினியத் தட்டுகளைச் சேர்த்து ஒரு மாடி முழுவதற்கும் அச்சு கட்டுவார்கள். உள்ளே கம்பி, கரண்ட் பைப் எல்லாம் வைத்துவிட்டு, சுவரையும் கூரையையும் ஒரே மூச்சில் கான்கிரீட்டால் நிரப்புவார்கள். ஒரு வாரத்தில் ஒரு மாடி எழும்பிவிடும். அச்சைக் கழற்றி அடுத்த மாடிக்குக் கொண்டுபோவார்கள். பூச்சு வேலை அநேகமாகத் தேவையில்லை. சுவரும் கூரையும் ஒரே கல்லாக இருப்பதால், முறையாகக் கட்டினால் நிலநடுக்கத்தை நன்றாகத் தாங்கும். மைவான் என்று ஒரு கம்பெனியின் பெயராலேயே மேஸ்திரிகள் இதைச் சொல்வார்கள்.

குறை என்ன? கான்கிரீட் செங்கல்லைவிடச் சூட்டை வேகமாகக் கடத்தும். ஆறங்குல கான்கிரீட் சுவரில் மேற்கு வெயில் பட்டால் ராத்திரி வரை அனல் அடிக்கும். இன்னொன்று, இதுவும் நண்டுதான். முழுக்க முழுக்க ஓடு.

நான் டேப் கொண்டுபோயிருந்தேன். குளியலறை வாசலை அளந்தேன். 75 செ.மீ. வாசக்காலும் கதவும் போக 68 தான். சாதாரண வீல்சேரே கிட்டத்தட்ட 65 செ.மீ. அகலம். உருட்டும் கைக்கு இடம் எங்கே? அணுகல் வசதிக்கான நம் அரசு வழிகாட்டுதல் கேட்பது 90 செ.மீ. "இதை அகலப்படுத்த முடியுமா தம்பி?" என்றேன். "தேவைப்படும்போது பாத்துக்கலாம் மேடம்" என்றார்.

கட்டட வேலையில் சூப்பர்வைசராக இருக்கும் நம் மாணவன் ஒருவனுக்கு அங்கிருந்தே ஃபோன் போட்டேன்.

"டீச்சர், அது பாரம் தாங்கற சுவருங்க. ஒருக்கா ஊத்தியாச்சுன்னா முடிஞ்சுதுங்க. அதுல கை வெக்கவே கூடாதுங்க."

"ஒன்றரை அடிகூட வேண்டாம் கண்ணு. ஒரு அடி?"

"அரை அடிகூட வேண்டாங்க டீச்சர். கம்பி அறுந்துச்சுன்னா மேல நாலு வீட்டுக்கும் ஆபத்துங்க. ஊத்தறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா மூணடி வாசலே வெச்சிருப்பாங்க. காசு ஒண்ணும் கூடாது."

அம்மா வீட்டுக் கொத்தனார் நினைவுக்கு வந்தார். ஒரு பனஞ்சட்டம், இரண்டு நாள் கூலி.

எங்கள் முடிவு

அன்று ராத்திரி வீட்டில் பேச்சுவார்த்தை சரியில்லை. "நான் வீல்சேர்ல உக்காந்துருவேன்னு நீ இப்பவே முடிவு பண்ணிட்டயா?" என்று கேட்டுவிட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஒரு வாரம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் அவராகவே, "உங்கம்மாவுக்கு அந்த வாசலை எத்தனை அகலம் பண்ணுனாங்க?" என்று கேட்டார். "மூன்றரை அடி" என்றேன். பேசாமல் பேப்பரை மடித்து வைத்தார்.

தரைத்தள வீட்டை எடுத்தோம். தூணும் உத்திரமும், நடுவில் செங்கல். விலை அதிகம் என்பதால் இரண்டு படுக்கையறை வாங்க முடியவில்லை, ஒன்றுதான். பேரப்பிள்ளைகள் வந்தால் ஹாலில் பாய். மலை தெரியாது, எதிர்வீட்டு வேப்பமரம் தெரியும். குளியலறை வாசல் இப்போதே மூன்றடி வைத்துவிட்டார்கள். படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுச்சுவர் வெறும் மறைப்புச் சுவர் என்று வரைபடத்தில் எழுதி வாங்கிக்கொண்டேன். என்றாவது அதையே எடுத்துவிட வேண்டி வந்தாலும் எடுக்கலாம். கழிவறைக்குப் பக்கத்தில் பிடிகம்பி வரும் இடத்தில் கெட்டிச் செங்கல் வைக்கச் சொன்னேன்.

அடுக்ககம் தப்பு என்று நான் சொல்லவே இல்லை. இன்னொரு திட்டத்தில் என் தோழி அதே அலுமினிய அச்சு வீடுதான் வாங்கியிருக்கிறார். அங்கே வரைபடத்திலேயே எல்லா வாசலும் மூன்றடி, மேற்கே வராந்தா நிழல். அவருக்கு அது நல்ல வீடு. ஊற்றிய பிறகு மாற்ற முடியாத முறையில், ஊற்றும் முன்பே முதுமையை யோசித்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

வீடு பார்க்கப் போகும் பெரியவர்களுக்கும், அவர்களுக்குப் பார்த்துக் கொடுக்கும் பிள்ளைகளுக்கும் நான் சொல்வது இதுதான். எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது என்று வரைபடத்தில் குறித்துத் தரச் சொல்லுங்கள். குளியலறை வாசலைக் கதவு திறந்த நிலையில் அளந்து பாருங்கள். மேற்குச் சுவர் எதனால் ஆனது என்று கேட்டு, முடிந்தால் மாலை ஐந்து மணிக்குப் போய்க் கை வைத்துப் பாருங்கள். தண்ணீர்க் குழாய் சுவருக்குள்ளா, வெளியிலா, கசிந்தால் எதை உடைக்க வேண்டும் என்று கேளுங்கள். ரெரா சட்டப்படி கட்டமைப்புக் குறைகளை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடம் வரை கட்டியவரே செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 'பாத்துக்கலாம்' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள்.

மண்ணிலிருந்து கான்கிரீட் வரை வந்ததில் நமக்குக் கிடைத்தது நிறைய. மழைக்குப் பயப்படாமல் தூங்குகிறோம், அது சின்ன விஷயமில்லை. கைவிட்டுப் போனது ஒன்றுதான்: காலையில் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு, மாலைக்குள் வீட்டை நம் உடம்புக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளும் வசதி. இளமையில் அது இல்லாதது தெரியாது. முதுமையில் மாறுவது நம் உடம்புதான், அதற்குத் தகுந்து வீடும் மாற வேண்டும்.

போன ஞாயிறு வேலை நடக்கும் இடத்துக்குப் போயிருந்தோம். குளியலறை வாசலில் நின்று கைத்தடியைக் குறுக்கே பிடித்து அளந்து பார்த்தார். "டீச்சரம்மா, ஒரு மாட்டு வண்டியே போகும் போலிருக்கே" என்றார். சிரித்துவிட்டேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பார்த்தார்.

தை பிறந்ததும் பால் காய்ச்சுகிறோம். தேதி பிறகு சொல்கிறேன். எல்லோரும் வாருங்கள். இடம் சின்னதுதான், வாசல் பெரிது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்